லிஃப்ட் நின்றதை மறுப்பதற்கில்லை

அன்று காலை ஏழுமலை எனக்குச் சல்யூட் அடிக்கவில்லை.

மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன் அவர். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் கல்லூரிக்குக் கிளம்பிக் கீழே இறங்கும்போது அவர் வாசலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் கையிலிருக்கும் குழாயைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். கீழே விழுந்த குழாய் நெளிந்து என் புடவையை நனைக்கும். வேண்டாம் ஏழுமலை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டதில்லை.

அன்று சல்யூட்டும் இல்லை, ஈரமும் இல்லை. கேட்டுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காரணம் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் சங்கச் செயலாளர் சேஷாத்ரி மாமா தன் வீட்டுப் பிரிண்டரில் கொட்டை எழுத்தில் எடுத்த நோட்டீஸ்.

"வாட்ச்மேன் ஏழுமலைக்கும் லிஃப்ட் நிற்பதற்கும் உள்ள தொடர்பை மறுப்பதற்கில்லை: புள்ளியியல் பேராசிரியை ஆய்வு. மேற்படி விஷயத்தில் முடிவெடுக்க ஞாயிறு மாலை கூட்டம். போண்டா, காபி உண்டு."

அந்தப் பேராசிரியை நான்தான்.

ராசி என்று ஒரு பேச்சு

எங்கள் கட்டடத்துக்கு என்ன வயதோ அதே வயதுதான் லிஃப்டுக்கும். இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு. ஏறும்போது ஒரு முனகல், இறங்கும்போது ஒரு பெருமூச்சு. நினைத்தால் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடும். அப்புறம் மெக்கானிக் வந்து, எதையோ தட்டி, எதிலோ எண்ணெய் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போவார்.

ஏழுமலை சேர்ந்த சமயத்தில் இந்த நிற்கும் வழக்கம் கொஞ்சம் கூடியது. அதற்கு முன்பிருந்தே இருக்கும் இன்னொரு வாட்ச்மேன் தாஸ். ஒரு வாரம் இவருக்குப் பகல், அவருக்கு இரவு. அடுத்த வாரம் மாறிக்கொள்வார்கள். தாஸ் டியூட்டியில் லிஃப்ட் நின்றால் வாட்ஸப் குழுவில் 'வோல்டேஜ் சரியில்லை' என்று போடுவார்கள். ஏழுமலை டியூட்டியில் நின்றால் 'இன்றைக்கு ஏழுமலையா?' என்று ஒரு கேள்வி வரும். அதற்குச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வரும். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

சேஷாத்ரி மாமா ஒரு மத்தியானம் கீரைக்கட்டும் முருங்கைக்காயுமாக முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் கீரை வாடிவிட்டது. அன்றோடு அது வேடிக்கையாக இல்லாமல் போயிற்று. ஆளை மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். ராசியைக் காரணம் காட்டி ஒருவரை அனுப்புவதா என்று நான் கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் மூடநம்பிக்கை புடிச்சவன் இல்ல மேடம். எங்காத்துல ராகுகாலம்கூடப் பாக்கறதில்ல. ஆனா இவன் வந்ததுலேர்ந்து லிஃப்ட் நின்னுண்டே இருக்கு. நீங்க ஸ்டாடிஸ்டிக்ஸ் ஆச்சே, சயின்டிஃபிக்கா பாத்துச் சொல்லுங்கோ. தமிழ்லயே எழுதிக் குடுங்கோ, எல்லாருக்கும் புரியணும்."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். இந்தக் கட்டடத்தில் குடிவந்த நாளிலிருந்து என் பாடத்தைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்டது கிடையாது. பாதிப் பேர் என்னை மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக ஒருவர் வீடு தேடி வந்து ஆய்வு செய்யச் சொல்கிறார். விடுவேனா?

சமையலறையில் ஒரு தங்கப் பதக்கம்

ராசிக்கும் எனக்கும் உள்ள பகை பழையது. இங்கே கொஞ்சம் விலகிப் போய்விட்டு வருகிறேன். நான் எழுதிவரும் இந்தத் தொடரில் புகுந்த வீட்டாரைக் கிண்டல் செய்கிறேன் என்று வீட்டில் ஏற்கெனவே புகார் இருக்கிறது. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

கல்யாணமாகி அசோக் நகரில் மாமனார் வீட்டில் இருந்த காலம். எம்.எஸ்ஸி. புள்ளியியலில் தங்கப் பதக்கம் வாங்கிய மருமகள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு கிரிக்கெட் மேட்ச் அன்று, இந்தியா தடுமாறிக்கொண்டிருந்தபோது, நான் காபி போட உள்ளே போனேன். கூடத்தில் ஒரு கூச்சல். சிக்ஸர். தம்ளரோடு வெளியே வந்தேன், விக்கெட் போயிற்று. தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனேன், பவுண்டரி.

அவ்வளவுதான். மேட்ச் முடியும்வரை சமையலறையிலேயே நில்லும்மா என்று மாமனார் மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். என் கணவர் தியாகராஜன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அவர் எனக்காகச் செய்தது அன்றைக்கு அந்த ஸ்டூல் மட்டும்தான். அடுப்பு மேடைக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தற்செயல் என்ற ஒன்றை இந்த வீட்டுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தேன். இந்தியா ஜெயித்தது. அதற்கப்புறம் என் பேச்சு அந்த வீட்டில் எடுபடவே இல்லை.

நல்ல கருதுகோள்

என் பாடத்தின் அஸ்திவாரமே இந்தத் தற்செயல்தான். எதையும் சோதிக்கும் முன் 'இங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் தற்செயல்' என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதை நல் ஹைபாதெசிஸ் என்பார்கள். தமிழில் இன்மைக் கருதுகோள். அந்த நினைப்பைக் கைவிடும் அளவுக்குச் சான்று கிடைத்தால் கைவிடலாம். கிடைக்கவில்லையென்றால் 'மறுக்க முடியவில்லை' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். 'ஆகவே ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட்டேன்' என்று குதிக்கக் கூடாது. சான்று கிடைக்காதது வேறு, இல்லை என்று தெரிவது வேறு. வீட்டில் மூக்குக் கண்ணாடி அகப்படவில்லை என்பதற்காகக் கண்ணாடியே வீட்டில் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

பாலவாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாணவி, நல் என்று நான் சொன்னதைத் தமிழ் என்றே நினைத்துவிட்டாள். பரீட்சையில் 'கருதுகோள்கள் இரண்டு வகைப்படும். அவை நல்ல கருதுகோள், கெட்ட கருதுகோள்' என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருந்தாள். நல்ல கருதுகோள் யாரையும் சந்தேகப்படாது என்று விளக்கம் வேறு. சிரித்துக்கொண்டே தப்பு போட்டேன். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட அவள் எழுதியிருந்தது தெளிவாகத்தான் இருந்தது. போட்ட தப்பை அடித்துவிட்டுப் பாதி மதிப்பெண் கொடுத்தேன்.

ஒரு வாக்கியம் இளைத்த விதம்

சரி, லிஃப்டுக்கு வருகிறேன். வாட்ஸப் குழுவை மேலே மேலே தள்ளி, லிஃப்ட் நின்ற நாட்களையெல்லாம் எடுத்தேன். யார் டியூட்டி என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். வகுப்பில் செய்வதைப்போலவே சோதனை செய்தேன். ஏழுமலை பக்கம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் நாணயத்தைச் சுண்டினால்கூட அந்த அளவு ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். ஆகவே முறைப்படி எழுதிக் கொடுத்தேன்:

"வாட்ச்மேன் மாறுவதற்கும் லிஃப்ட் நிற்பதற்கும் தொடர்பு இல்லை என்ற கருதுகோளை மறுப்பதற்கில்லை."

இன்றுவரை சொல்கிறேன், அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துத் தப்பு கிடையாது.

ஆனால் தமிழில் 'மறுப்பதற்கில்லை' என்ற சொல்லுக்கு மேடைப் பழக்கம் உண்டு. பட்டிமன்றத்தில் ஒருவர் 'இதை மறுப்பதற்கில்லை' என்றால் மேஜையைத் தட்டி முடிவு கட்டிவிட்டார் என்று பொருள். பத்திரிகைத் தலையங்கத்திலும் அப்படித்தான். என் பாடத்தில் அதே சொல்லுக்கு உதட்டைப் பிதுக்குவது என்று அர்த்தம். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சேஷாத்ரி மாமாவுக்கோ வாக்கியம் நோட்டீஸில் ஒரே வரியில் அடங்க வேண்டும் என்ற கவலை. 'இல்லை' இரண்டு தடவை வருகிறதே என்று ஒன்றை எடுத்துவிட்டார்.

நேரே மாடி ஏறிப்போய்க் கேட்டேன். ரெண்டு இல்லை சேர்ந்தா ஆமாம்தானே மேடம், சாராம்சம் மாறலையே என்றார். கணக்கில் மைனஸும் மைனஸும் பிளஸ் என்று எனக்கே பாடம் எடுத்தார். நோட்டீஸைக் கிழிக்கச் சொன்னேன். கூட்டத்தில் பேசிக்கலாம் என்று மாமி கையால் ஒரு தம்ளர் மோர் வரவழைத்தார். கோபத்தில் மோரைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வேப்பமரத்தடி

கீழே போய் ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் எழுதியது அதுவல்ல, அவர்கள் வெட்டி ஒட்டியது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயில் அது மரியாதைக் குறைவு இல்லை.

"உன் மேல கோவம் இன்னா மா. நீ படிச்சவ, கணக்கு போட்டுக் கண்டுபுட்ச்சிட்ட. எனக்கே தெரிஞ்சதுதான் அது. நான் வேலைக்குச் சேந்த எடம் எதுனா உருப்பட்டுக்கீதா? நம்ம கை அப்டி."

அப்புறம் வரிசையாகச் சொன்னார். முதலில் டிக்கெட் கிழித்த சினிமாக் கொட்டகையை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். தி. நகரில் காவலுக்கு நின்ற பாத்திரக் கடை பாகப்பிரிவினையில் மூடிப் போயிற்று. கல்யாண மண்டபத்தில் சேர்ந்தார், கொரோனா வந்தது. நடுவில் அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீட்டையே எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். பழைய பேட்டைப் பக்கமே வேலை கிடைத்ததே என்று சந்தோஷமாக இருந்தாராம். இந்த வயதுக்கு மேல் வேறெங்கே போய்க் கேட்பது என்றும் சொன்னார்.

மூடிய கொட்டகைகள் இந்த ஊரில் எத்தனை, கொரோனாவில் மூடாத மண்டபம் எது என்று நான் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தான் இருந்தோமே என்பதுதான் அவர் பதில். ஏன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறீர்கள் என்றதற்கு, கொஞ்சம் தள்ளி நின்றால் லிஃப்ட் ஓடுகிறதா பார்ப்போம் என்று நின்றதாகச் சொன்னார்.

வேலை போவது ஒரு பக்கம். என் பெயரில் வெளிவந்த ஒரு முடிவை இந்த மனிதர் நம்பிவிட்டார், அதைச் சுமந்துகொண்டு தெருவில் நிற்கிறார். அன்று கல்லூரியில் என்ன பாடம் எடுத்தேன் என்று நினைவில்லை.

போண்டா மகாசபை

ஞாயிறு மாலை கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. போட்டவர் ஏழுமலை. தன்னை அனுப்புவதா வேண்டாமா என்று பேசப்போகிறவர்களுக்கு நாற்காலியைத் துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி தெருவுக்குப் போய்விட்டார்.

நான் எழுந்து இன்மைக் கருதுகோளை விளக்கினேன். போண்டாவோடு புள்ளியியல் கேட்பவர்களின் முகங்களை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். கடைசியில் ஒருவர், அதெல்லாம் இருக்கட்டும் மேடம், தொடர்பு இருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். இருக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றேன். அப்போ கொஞ்சம் சான்று இருக்கு என்றார் அவர். தலைகள் ஆடின. நான் வாயைத் திறக்கத் திறக்க ஏழுமலையின் வேலை தேய்ந்துகொண்டே போவது தெரிந்தது. இப்படியாகும் என்று ஊகித்துத்தான் முந்தின நாள் இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தேன்.

அதை என் மாணவிகள் செய்தால் கையை ஒடிப்பேன். அதே லிஃப்ட் நின்ற நாட்களை எடுத்துக்கொண்டு, கையில் அகப்பட்டதையெல்லாம் அதோடு பொருத்திப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, பிரதோஷம், தண்ணீர் லாரி வரும் நாள், தியாகராஜன் வெங்காய சாம்பார் கேட்ட நாள். இப்படிப் போட்டுக்கொண்டே போனால் எதிலாவது மீன் மாட்டாமல் இருக்காது. மாட்டியது. நல்ல கொழுத்த மீனாகவே மாட்டியது.

"ஏழுமலை விஷயத்துல சான்று பத்தலை. ஆனா இன்னொருத்தர் விஷயத்துல அமோகமா இருக்கு. அவர் ஊர்ல இருந்தா லிஃப்ட் நிக்கறது. அவர் பெங்களூர்ல பொண்ணு வீட்டுக்குப் போனா நிக்கறதே இல்லை" என்றேன்.

பெங்களூரில் பெண் இருப்பது எங்கள் கட்டடத்தில் சேஷாத்ரி மாமாவுக்கு மட்டும்தான். எல்லோரும் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்கள். மாமி போண்டாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அதான் இவர் அங்கே போனா பொண்ணோட ஸ்கூட்டர் கெட்டுப்போறதா என்று கேட்டார். சேஷாத்ரி மாமா எழுந்தேவிட்டார்.

"என்ன மேடம் இது அபாண்டமா இருக்கு? நான் ஊர்ல இருந்தா லிஃப்ட் நிக்குமா? அது ஏதோ தற்செயல். எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"இதுதான் மாமா இன்மைக் கருதுகோள். நீங்க உங்களுக்காகச் சொன்னதைத்தான் நான் ஏழுமலைக்காக எழுதியிருந்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரிக்க, கூட்டம் முழுக்கச் சிரித்தது. உண்மையில் அவர் ஊரில் இருந்தால்தான் ஒவ்வொரு குலுக்கலையும் குழுவில் எழுதுவார், மற்றவர்கள் பேசாமல் படியேறிவிடுவார்கள் என்பதையும் விளக்கினேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. சேஷாத்ரி மாமாவும் மொத்தத்தில் நியாயமானவர்தான். தானே எழுந்துபோய் நோட்டீஸைக் கிழித்துவிட்டு வந்தார். ஏழுமலை இருக்கட்டும், லிஃப்டுக்கு மோட்டாரை மாற்றுவோம் என்று தீர்மானமாயிற்று. இத்தனை வருஷத்தில் லிஃப்ட் நின்றதற்கு லிஃப்டையே குற்றம் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் மாடி

புது மோட்டார் வந்தது. முனகல் நின்றது. ஏழுமலையின் சல்யூட்டும், அதனால் என் புடவை ஈரமும் திரும்பி வந்தன. ஆனாலும் அவர் மட்டும் லிஃப்டில் கால் வைக்கவில்லை. யார் வீட்டுக்கு எதைக் கொண்டுபோக வேண்டுமென்றாலும் படியில்தான் ஏறினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். வேண்டாம் மா, நல்லா ஓடிக்கினு கீது, நான் ஏன் போய்க் கெடுக்கணும் என்பார்.

ஒரு மாலை கல்லூரியிலிருந்து விடைத்தாள் கட்டுகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினேன். கட்டுகளை அவர் வாங்கிக்கொண்டு வழக்கம்போலப் படிப்பக்கம் திரும்பினார். நான் லிஃப்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்றேன். அவர் நின்றார். என்னைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார்.

"நெஜமா சொல்லு மா. என்னால இல்லியா?"

கேள்வி சின்னது. என் பாடத்தின்படி அதற்கு ஒழுங்கான பதிலும் உண்டு. உங்களால்தான் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை, இருக்கும் தகவல் குறைவு, ஆகவே தொடர்பு இல்லை என்பதை இப்போதைக்கு மறுக்க முடியவில்லை. இதை மாற்றி 'இல்லை' என்று எழுதும் மாணவிகளுக்கு ஆண்டாண்டு காலமாகச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கையிலிருந்த கட்டுகளிலும் அப்படி எழுதியவர்கள் இருப்பார்கள்.

"இல்ல" என்றேன்.

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

அவர் செருப்பை வெளியே கழற்றிவைத்துவிட்டு உள்ளே வந்தார். கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பிக் கதவைத் தொடாமல் மூலையில் ஒதுங்கி நின்றார். நான் பொத்தானை அமுக்கினேன். முதல் மாடி போயிற்று. இரண்டாம் மாடி தாண்டும்போது லேசாக ஒரு குலுக்கல். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். கபாலீஸ்வரா, இந்த ஒரு தடவை மட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சமையலறை ஸ்டூலில் உட்காரவைக்கப்பட்ட அன்றுகூட நான் இந்த மாதிரி எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

மூன்றாம் மாடியில் நின்றது. கதவைத் திறந்தேன். அவர் வெளியே கால் வைத்து, திரும்பி லிஃப்டை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ஓடுது மா" என்றார்.

"ஓடுது" என்றேன்.

ஒரே ஒரு தடவை ஓடியது எதற்கும் சான்று ஆகாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.